பெரிய குடும்பம், குறுகிய அவகாசம்: வெளிநாட்டில் தங்குமிடம் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையிலிருந்து வெளிநாட்டுக்குப் புறப்படும் நம் குடும்பங்கள் கணவன், மனைவி, இரு பிள்ளைகள் என்ற அளவோடு நிற்பதில்லை. தாத்தாவும் பாட்டியும் வருகிறார்கள். அத்தை மட்டும் வீட்டில் தனியாக எதற்கு என்று அவரும் சேர்கிறார். அதைக் கேள்விப்பட்டுத் தம்பி குடும்பமும் டிக்கெட் எடுத்துவிடுகிறது. விமான டிக்கெட்டைச் சலுகை விலையில் பிடிப்பதில் காட்டும் வேகத்தைத் தங்குமிடத்தில் யாரும் காட்டுவதில்லை. புறப்பட நான்கைந்து நாள் இருக்கும்போதுதான் எங்கே தங்குவது என்ற பேச்சே எழுகிறது. உறவினருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் இத்தகைய ஏற்பாடுகளைப் பல ஆண்டுகளாகச் செய்து கொடுத்ததில், திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லும் விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். விளக்க வசதிக்காகப் பதினொரு பேர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன்: தாத்தா, பாட்டி, அத்தை, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், நான்கு பேரப்பிள்ளைகள்.

நான்கு நாளில் புறப்படுகிறோம். பதினொரு பேருக்கும் சேர்த்து ஒரே வீடாகத் தேடுகிறோம், கிடைக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரே வீடு என்ற எண்ணத்தைக் கைவிடுவதிலிருந்து தொடங்குங்கள். பத்துப் பேருக்கு மேல் தங்கக்கூடிய வீடுகள் எந்த ஊரிலும் குறைவு. அந்தச் சிலவும் பல மாதங்களுக்கு முன்பே போய்விடும். கடைசி நேரத்தில் மீந்திருப்பவை பெரும்பாலும் யாரும் விரும்பாதவை: ஊருக்கு வெளியே இருப்பவை, லிஃப்ட் இல்லாதவை, விலை ஏறியவை. ஆனால் மூன்று பேர், நான்கு பேர் தங்கும் அறைகள் ஓட்டல்களில் முந்தைய நாள் மாலைகூடக் கிடைக்கின்றன. எனவே பதினொரு பேர் என்ற எண்ணை மறந்துவிட்டு, மூன்று, நான்கு, நான்கு என்று பிரித்து, ஒரே ஓட்டலில் ஒரே மாடியில் மூன்று அறைகளைத் தேடுங்கள்.

எப்படிப் பிரிப்பது என்பதைக் கணினியின் முன் உட்காரும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிட வேண்டும். தாத்தா, பாட்டி, அத்தை ஓர் அறை என்பது இயல்பாகத் தோன்றும். ஆனால் அந்த மூவரில் ஒருவருக்குக்கூட ஓட்டல் போனை எடுத்து ரிசப்ஷனில் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் பேச வராது என்றால், அத்தைக்குப் பதிலாகப் பெரிய பேரனையோ பேத்தியையோ அந்த அறையில் போடுவதுதான் சரி. இரவில் இரண்டு முறை எழுந்து போகிறவர் யார், குறட்டையால் மற்றவர் தூக்கத்தைக் கெடுப்பவர் யார் என்பதையும் கூச்சப்படாமல் கணக்கில் எடுங்கள். நாலு நாள் பயணத்தில் தூக்கம் கெட்டால் ஐந்தாம் நாள் சண்டை வருகிறது.

பெரியவர்கள் ஒரே கூரை வேண்டும் என்று கேட்பது பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசுவதற்காகத்தான். மூன்று அறைகளில் ஒன்றை மட்டும் ஹாலோடு கூடிய பெரிய அறையாக எடுத்தால் அந்தக் குறை தீர்ந்துவிடும்.

இரண்டு அறை எடுத்துவிட்டு, மற்றவர்கள் தரையில் விரித்துப் படுத்துக்கொண்டால் போதாதா? திருப்பதியிலும் கொடைக்கானலிலும் அப்படித்தானே செய்கிறோம்?

இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. நம் ஊரில் லாட்ஜ்காரரே எக்ஸ்ட்ரா மெத்தை இரண்டு கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார். வெளிநாட்டில் ஓர் அறையில் எத்தனை பேர் தங்கலாம் என்பது தீ விபத்துப் பாதுகாப்பு விதிகளோடும் உரிமத்தோடும் கட்டப்பட்ட எண். பல நாடுகளில் தங்கும் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டையும் ரிசப்ஷனில் வாங்கிப் பதிவு செய்கிறார்கள். கூடுதலாக ஆள் இருப்பது அங்கேயே தெரிந்துவிடும். அப்போது மூன்றாவது அறையை அன்றைய நேரடி விலைக்கு எடுக்கச் சொல்வார்கள். அறை இல்லையென்றால் கைவிரித்துவிடுவார்கள். இரவு பதினொன்றுக்கு அந்த நிலைமை யாருக்கும் வேண்டாம்.

ஆகவே தேடும்போதே உண்மையான எண்ணிக்கையைப் பதியுங்கள். குழந்தைகளின் வயதையும் உள்ளபடியே கொடுங்கள். ஆறு வயதுக்குக் கீழ், பன்னிரண்டு வயதுக்குக் கீழ் என்று ஒவ்வோர் ஓட்டலுக்கும் ஒரு வரம்பு உண்டு. அதற்குள் இருக்கும் குழந்தை பெற்றோரின் கட்டிலிலேயே படுத்தால் பல இடங்களில் தனிக் கட்டணம் இல்லை. பதின்மூன்று வயதுப் பையன் பெரும்பாலான ஓட்டல்களின் கணக்கில் பெரியவர்.

ஒரு விதிவிலக்கு ஜப்பான். அங்கே ரியோக்கான் எனப்படும் மரபு விடுதிகளில் தாதாமி என்னும் பாய் பதித்த தரையில் மெத்தை விரித்துத் தருவதே வழக்கம் என்பதால், ஒரே அறையில் ஐந்தாறு பேர் முறைப்படியே படுக்கலாம். கட்டணம் அறைக்கு இல்லாமல் தலைக்கு இத்தனை என்று போடுவார்கள். பாய் விரித்துப் படுத்தே பழகிய பாட்டிக்கு அந்த நாடு ஒன்றும் புதிதாகத் தெரியாது. மூட்டு வலி இருந்தால் மட்டும் தரையிலிருந்து எழுவதை முன்கூட்டி யோசித்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீடுகள் எல்லா ஊரிலும் சட்டப்படி செல்லுமா?

செல்லாது. கடைசி நேரத்தில் அவசரப்படுகிறவர்கள் வழுக்கி விழும் இடமும் இதுதான். நம்மவர் அதிகம் போகும் சிங்கப்பூரை முதலில் எடுத்துக்கொள்வோம். அங்கே தனியார் அடுக்குமாடி வீட்டைத் தொடர்ச்சியாக மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அரசு வீடுகளுக்கு அந்த வரம்பு ஆறு மாதம். சுற்றுலாப் பயணிகளுக்குச் சில நாள் வாடகைக்கு விட்ட இருவருக்கு 2018-இல் அந்நாட்டு நீதிமன்றம் தலா 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் விதித்தது. எனவே சிங்கப்பூரில் மூன்று படுக்கையறை வீடு, ஐந்து நாளுக்கு என்று யாராவது மலிவாகக் காட்டினால், அண்டை வீட்டார் ஒரு புகார் கொடுத்தாலே நீங்கள் மூட்டை முடிச்சோடு வெளியே நிற்க வேண்டியிருக்கும். அங்கே ஓட்டல் அல்லது உரிமம் பெற்ற சர்வீஸ் அபார்ட்மென்ட் (ஓட்டல் போலப் பராமரிக்கப்படும் வீடு) மட்டும்தான் வழி. சர்வீஸ் அபார்ட்மென்ட்டுகளில் பலவற்றில் குறைந்தது ஒரு வாரம் எடுக்க வேண்டியிருக்கும்.

நியூயார்க் நகரில் 2023 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, முப்பது நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட்டால் வீட்டுக்காரர் உடன் தங்கியிருக்க வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. ஆம்ஸ்டர்டாமில் வீட்டை விடுமுறை வாடகைக்கு விட்டாலும் நான்கு பேருக்கு மேல் தங்கவைக்க முடியாது. லண்டனில் முழு வீட்டை ஆண்டுக்கு 90 இரவுகள் வரை விடலாம். பாரிஸில் உரிமையாளர் தாம் குடியிருக்கும் வீட்டை விடுவதற்கான வரம்பு 2025 முதல் 120 நாளிலிருந்து 90 நாளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. ஜப்பானில் 2018 ஜூனில் வந்த சட்டம் ஆண்டுக்கு 180 நாள் அனுமதிக்கிறது. வீட்டுக்குப் பதிவு எண் இருக்க வேண்டும். பதிவு எண் வழங்கும் ஊர்களில் விளம்பரத்தில் அந்த எண் இல்லாத வீட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் தொடுவதில்லை.

பெரிய குடும்பத்துக்கு எளிதான ஊர்கள் கோலாலம்பூரும் துபாயும். கோலாலம்பூரில் மூன்று படுக்கையறை சர்வீஸ் அபார்ட்மென்ட்டுகள் ஏராளம். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் எடுத்தால் காலையில் இறங்கி நடந்தே போய் இட்லி சாப்பிடலாம். துபாயில் சமையலறையோடு கூடிய ஓட்டல் அபார்ட்மென்ட் என்பது நெடுங்காலமாகவே வழக்கத்தில் உள்ள ஒரு வகை.

“8 பேர் தங்கலாம்” என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

எட்டுப் பேர் எங்கே படுப்பார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். இரண்டு படுக்கையறையில் நான்கு பேர், ஹாலில் சோபா கம் பெட்டில் இருவர், மடக்குக் கட்டிலில் இருவர் என்றுதான் அந்தக் கணக்கு பெரும்பாலும் அமைந்திருக்கும். சோபாவில் படுப்பவர் எல்லோரும் தூங்கிய பிறகுதான் படுக்க முடியும். முதலில் எழுபவர் காபி போடும்போதே எழுந்துவிட வேண்டும். அந்த இடம் கல்லூரி போகும் பையனுக்குச் சரி; அத்தைக்குச் சரியில்லை.

படுக்கையைவிட முக்கியமாக நான் பார்ப்பது பாத்ரூம். எட்டு மணிக்குச் சுற்றுலா வேன் வந்து நிற்கும் காலையில், பதினொரு பேருக்கு ஒரே பாத்ரூம் என்றால் முதல் ஆள் ஐந்து மணிக்கே எழ வேண்டும். நான்கு பேருக்கு ஒன்று என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு சிறு எச்சரிக்கை: ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கழிப்பறையில் கைத்தெளிப்பான் பெரும்பாலும் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் மக்கைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போவதை யாரும் கேவலமாக நினைக்க வேண்டாம்; போனவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

மூன்றாவது, லிஃப்ட். பாரிஸில் லாச்சப்பல் என்று நம்மவர் அழைக்கும் தமிழ்க் கடைத்தெரு, ரயில் நிலையத்துக்கும் அருகில், மாணிக்க விநாயகர் ஆலயத்துக்கும் அருகில் என்பதால், அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டை ஒருமுறை அவசரமாக எடுத்தேன். படங்களில் பால்கனி இருந்தது, பூச்சட்டி இருந்தது. நான்காவது மாடி என்பது விவரத்தில் இருந்தது. லிஃப்ட் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை, நானும் கேட்கவில்லை. வளைந்து வளைந்து ஏறும் மரப்படிகளில், எழுபத்தி நான்கு வயதுப் பெரியவர் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் பெட்டியின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அந்த ஐந்து நாளும் அவர் தினம் ஒருமுறைதான் கீழே இறங்கினார். லிஃப்ட் உண்டு என்று எழுதியிருந்தால் மட்டுமே உண்டு. எழுதாவிட்டால் இல்லை என்றே கொள்ளுங்கள்.

கடைசி நேரத்தில் அறைகள் எப்போது காலியாகும்? எந்த நேரத்தில் தேடினால் பலன் கிடைக்கும்?

கட்டணமில்லாமல் ரத்து செய்யும் கெடு பெரும்பாலான ஓட்டல்களில் தங்கும் நாளுக்கு மூன்று நாள், இரண்டு நாள் அல்லது ஒரு நாள் முன்பு முடிகிறது. இரண்டு மூன்று இடங்களில் பிடித்து வைத்தவர்கள் வேண்டாதவற்றை விடுவது அந்தக் கெடுவுக்குச் சற்று முன்புதான். எனவே நான்கு நாள் முன்பு இல்லை என்று காட்டிய ஓட்டலில் இரண்டு நாள் முன்பு அறை வருவது வழக்கமாக நடக்கிறது. கெடு அந்த ஊர் நேரப்படி முடியும் என்பதை மறவாதீர்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது, ஐரோப்பா பிந்தியது. அதற்காக அதுவரை வெறுங்கையோடு காத்திருக்கச் சொல்லவில்லை. ரத்து செய்யக்கூடிய சுமாரான அறைகளை இன்றே பிடித்து வையுங்கள். நல்லது வந்தால் மாற்றுங்கள். பழையதை அன்றே ரத்து செய்யுங்கள்.

இதைவிடப் பலன் தருவது ஓட்டலுக்கு நேரே போன் செய்வது. இணையதளங்களில் மூன்று அறைகளுக்கு இடம் இல்லை என்று காட்டினாலும், ஓட்டலிடம் வேறு வகை அறைகளைக் கலந்து கொடுக்க இருக்கும். பகல் பதினொரு மணிக்குக் காலி செய்பவர்களும் மாலை வருபவர்களும் மொய்க்கும் நேரத்தைத் தவிர்த்து, அந்த ஊர் பிற்பகலில் அழைத்தால் பொறுமையாகப் பேசுவார்கள். மொத்தம் எத்தனை பேர், குழந்தைகளின் வயது, முதியவர் இருக்கிறார் என்ற விவரம், ஒரே மாடியில் அடுத்தடுத்த அறைகள் கிடைக்குமா என்ற கேள்வி, இந்த நான்கும் போதும். உள்கதவால் இணைந்த அறைகள் வேறு, பக்கத்துப் பக்கத்து அறைகள் வேறு. சிறு குழந்தைகள் இருந்தால் உள்கதவு உள்ளதா என்று குறிப்பாகக் கேளுங்கள். இணையத்தில் கோரிக்கை என்று எழுதி அனுப்புவது வெறும் கோரிக்கைதான். ஓட்டல் மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டால் மட்டுமே அது உறுதி.

ஐரோப்பாவில் இன்னொரு வழி உண்டு. அங்குள்ள ஹாஸ்டல்கள் பலவற்றில் ஆறு கட்டில் கொண்ட அறையை முழுவதுமாக ஒரு குடும்பத்துக்கே கொடுக்கிறார்கள். ஹாஸ்டல் என்றவுடன் கல்லூரி விடுதி நினைவுக்கு வந்து பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்; மேல் கட்டிலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டால் காசும் மிச்சம், பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம்.

எந்த நாட்களில் இடம் கிடைப்பது மிகக் கடினம்?

நம் பள்ளி விடுமுறைகள் விழும் நாட்களைப் பாருங்கள். காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை. சீனாவின் தேசிய தின விடுமுறை அக்டோபர் 1-இல் தொடங்கி ஒரு வாரம் நீள்கிறது, சிங்கப்பூரின் கார்ப் பந்தயமும் அதையொட்டிய வாரங்களில் வருகிறது. அரையாண்டு விடுமுறை கிறிஸ்துமஸ், புத்தாண்டோடு மோதுகிறது. கோடை விடுமுறையில், ஜப்பானில் ஏப்ரல் 29 முதல் மே 5 வரை உள்ளூர்க்காரர்களே ஊர் சுற்றும் பொன் வாரம். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறவர்கள் கோலாலம்பூரில் அறைகளை முன்பே பிடித்துவிடுகிறார்கள். இந்த நாட்களில் நகர நடுவை விட்டுவிட்டு, ரயில் தடத்தில் இருபது முப்பது நிமிடம் தள்ளித் தேடுங்கள். ரயில் நிலையத்திலிருந்து நடை தூரம் மட்டும் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

விமானம் விடியற்காலையில் இறங்குகிறது. அறை மூன்று மணிக்குத்தான் என்கிறார்கள். என்ன செய்வது?

சென்னையிலிருந்து கிழக்கே போகும் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிப் புறப்படுகின்றன. மீனம்பாக்கத்தில் இரவு பதினொன்றரைக்கு ஏறினால் சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே காலை ஆறு மணி தாண்டியிருக்கும். இதில் இரண்டு சிக்கல்கள்.

முதலாவது தேதிக் குழப்பம். 15-ஆம் தேதி அதிகாலை 12.40 விமானத்துக்கு நீங்கள் வீட்டிலிருந்து கிளம்புவது 14-ஆம் தேதி இரவு. இறங்குவதும் 15 காலை. ஆனால் இரவு 11.30 விமானம் என்றால் டிக்கெட்டில் 14 என்று இருக்கும், இறங்குவது 15. உறவுக்காரர் ஒருவர் டிக்கெட்டில் இருந்த தேதியைப் பார்த்து 14-ஆம் தேதிக்கு அறைகளைப் பிடித்துவிட்டார். காலை ஏழு மணிக்குச் சிராங்கூன் சாலை ஓட்டலின் ரிசப்ஷனில் பதினொரு பேரும் பதினான்கு பெட்டிகளும் நின்றபோது, இரவு முழுவதும் அறைகள் காலியாக இருந்தன, நீங்கள் வரவில்லை என்பதால் மற்ற நாட்களையும் கணினி ரத்து செய்துவிட்டது என்று அங்கிருந்த பெண் மெதுவாகச் சொன்னார். அத்தை பிளாஸ்கைத் திறந்து எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொடுத்துவிட்டு, யார்மேலும் பழி போடாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அறைகள் திரும்பக் கிடைக்க மதியம் ஆனது.

விசித்திரம் என்னவென்றால், 14-ஆம் தேதி இரவையும் சேர்த்துப் பிடிப்பது சில சமயம் சரியான முடிவே. முதியவர்களுக்காக ஓர் அறையை மட்டும் முந்தைய இரவிலிருந்து எடுத்து, அதிகாலையில்தான் வருவோம் என்று ஓட்டலுக்கு எழுதிவிட்டால், இறங்கியவுடன் பெரியவர்கள் படுக்கலாம். மற்றவர்கள் மாறி மாறிக் குளித்துவிட்டு வெளியே போகலாம். பெட்டிகளை ரிசப்ஷனில் வைத்துக்கொள்வார்கள். மூன்று அறையையும் முன்பே எடுக்கத் தேவையில்லை.

இணையத்தில் பார்த்த விலையும் பில்லில் வரும் விலையும் ஏன் வேறுபடுகின்றன?

வரி. சிங்கப்பூரில் விலையின் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அதன் மேல் 9 சதவீத வரியும் இன்னும் சேரவில்லை என்று பொருள். 200 வெள்ளி அறை கிட்டத்தட்ட 240 ஆகிவிடும். மலேசியாவில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் நகர வரி தலைக்கு, இரவுக்கு இத்தனை என்று ஓட்டலிலேயே வாங்கப்படுகிறது. ஏழு பெரியவர்களுக்கு ஐந்து இரவு என்றால் அது சில்லறைத் தொகை இல்லை. வாடகை வீடுகளில் சுத்தம் செய்யும் கட்டணம் ஒருமுறை சேர்கிறது. ஒரு வாரம் தங்கினால் அது தெரியாது, இரண்டு இரவுக்குப் பெரிய பாரம். எப்போதும் கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையை மட்டுமே ஒப்பிடுங்கள். காலை உணவு இலவசம் என்றிருந்தால் அது அறைக்கு இருவருக்கா, தங்கும் எல்லோருக்குமா என்றும் பாருங்கள்.

பணம் கட்டும்போது என்ன சிக்கல் வரும்?

உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று இன்றே வங்கிச் செயலியில் பாருங்கள். 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, வாடிக்கையாளர் கேட்டால்தான் அது திறக்கப்படுகிறது. மூன்று அறைகளுக்கான தொகையும் டெபாசிட்டும் சேர்ந்து ஒரே கார்டின் வரம்பைத் தாண்டிவிடலாம் என்பதால், இரண்டு பேர் கார்டு கொண்டு போக வேண்டும். ஓட்டல்கள் வந்தவுடன் ஒரு தொகையை நிறுத்தி வைக்கும். டெபிட் கார்டைக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பிவரப் பல நாள் ஆகும் என்பதால் கிரெடிட் கார்டையே கொடுங்கள். கார்டு இயந்திரம் ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா என்று கேட்டால் உள்ளூர்ப் பணம் என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த மாற்று விகிதத்தில் நஷ்டம் உங்களுக்கு.

வெளிநாட்டில் இருந்துகொண்டு புதிதாக அறை பிடிக்க நேர்ந்தால், ஓ.டி.பி. உங்கள் சென்னை எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு உள்ளூர் சிம்மோடு திரிபவர்கள் அப்போது கையைப் பிசைவார்கள். குடும்பத்தில் ஒருவருடைய எண்ணிலாவது ரோமிங் இயங்க வேண்டும்.

விசாவுக்கும் குடியேற்றச் சோதனைக்கும் தங்குமிட முகவரி கேட்கிறார்கள். இன்னும் முடிவாகவில்லையே?

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குத் தங்கும் நாள் முழுவதற்கும் ஆதாரம் தேவை. ரத்து செய்யக்கூடிய உண்மையான முன்பதிவைக் கொடுங்கள். சில டிராவல் ஏஜென்ட்டுகள் அடித்துத் தரும் போலித் தாளைக் கொடுக்காதீர்கள், தூதரகம் ஓட்டலைக் கேட்டுப் பார்ப்பதுண்டு. விசா வந்தபின் ஓட்டலை மாற்றலாம். எந்த நாட்டில் அதிக நாள் என்று சொல்லி விசா வாங்கினீர்களோ அதை மட்டும் மாற்றாதீர்கள்.

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அதில் முகவரி உண்டு. முதல் இரவுக்கான ஓட்டலையாவது அதற்குள் உறுதி செய்துவிடுங்கள். பதினொரு அட்டைகளையும் ஒருவரே உட்கார்ந்து நிரப்பினால் பாஸ்போர்ட் எண்கள் இடம் மாறிவிடும்; குடும்பத்துக்கு ஒருவராகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் விமானம் ஏறும் நேரத்தில் வீட்டுக்காரர் ரத்து செய்துவிட்டார். இனி?

முன்பதிவு செய்த தளத்தின் உதவி எண்ணை உடனே அழைத்து, பணத்தைத் திரும்பத் தருவதோடு மாற்று இடமும் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் நீங்களே ரத்து செய்துவிடுங்கள் என்று கெஞ்சினால் செய்யாதீர்கள். ரத்து உங்கள் பக்கம் விழுந்தால் பணமும் போய்விடும். பேச்சு எல்லாம் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுத்தில் இருக்கட்டும். அவர்கள் ஏற்பாடு செய்யும்வரை காத்திராமல், விமான நிலையத்துக்கு அருகில் அன்றிரவுக்கு மட்டும் மூன்று அறைகளைப் பிடியுங்கள்.

ஏமாற்றுக்காரர்களும் இந்தப் பதற்றத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள். தளத்துக்கு வெளியே வாட்ஸ்அப்பில் பேசலாம், கட்டணம் குறைவு, இந்தக் கணக்குக்கு நேரே அனுப்புங்கள் என்றவுடன் நிறுத்திவிடுங்கள். ஓட்டலின் பெயரிலேயே செய்தி வந்து, முன்பதிவை உறுதி செய்யக் கார்டு எண்ணை மறுபடி இந்த இணைப்பில் பதியுங்கள் என்றாலும், இணைப்பைத் தொடாமல் ஓட்டலுக்குப் போன் செய்து கேளுங்கள்.

விமானமே ரத்தாகி இடைவழியில் மாட்டிக்கொண்டால், தங்குமிடம் யார் பொறுப்பு?

இந்திய விதிகளின்படி, விமானம் 24 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும், இரவு 8 முதல் அதிகாலை 3 வரை புறப்பட வேண்டியது 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும், விமான நிறுவனம் ஓட்டல் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதாக இருந்தாலும், வானிலை காரணமாக ரத்தானாலும்கூட, இரவு தங்க நேர்ந்தால் அந்த ஏற்பாடு நிறுவனத்தின் கடமை. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டபோதும், 2024 ஏப்ரல் 16 மழையில் துபாய் விமான நிலையம் முடங்கியபோதும், ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் அறை தேவைப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் கவுன்டர் வரிசையில் பதினொரு பேரும் நிற்காமல், ஒருவர் வரிசையிலும் ஒருவர் போனிலும் இருக்க வேண்டும். குடும்பத்தின் டிக்கெட்டுகள் இரண்டு மூன்று தனி முன்பதிவுகளாக இருந்தால் வெவ்வேறு ஓட்டல்களுக்கு அனுப்பிவிடுவார்கள். சேர்த்து அனுப்பும்படி கவுன்டரிலேயே கேளுங்கள். சொந்தக் காசில் தங்க நேர்ந்தால் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

சமையலறை உள்ள இடம் அவசியமா?

கைக்குழந்தையோ, வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாத பெரியவரோ இருந்தால் அவசியம். மற்றவர்களுக்கு ஒரு கெட்டிலும், ஊறுகாயும், புளிக்காய்ச்சலும் போதும் என்பது என் கருத்து. சமையலறை இருந்தாலும் நம் சமையலுக்கு அது பழகியதாக இருக்காது. கடுகு வெடித்துக் காய்ந்த மிளகாய் கருகும் நொடியில் கூரையிலுள்ள புகை எச்சரிக்கை அலறும். கட்டடம் முழுவதும் அலறும் வகையாக இருந்தால் எல்லோரும் தெருவில் நிற்க வேண்டியதுதான். அதைத் துணி போட்டு மூடக் கூடாது. புகைப்போக்கியை முதலில் போட்டு, சன்னலைத் திறந்து, மூடி போட்டுத் தாளியுங்கள். இல்லையேல் ரைஸ் குக்கரில் தயிர் சாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அங்கே இருக்கும் உறவினர் வீட்டிலேயே எல்லோரும் தங்கலாமா?

அவர்களே வற்புறுத்தினாலும் முதியவர்களை மட்டும் அங்கே விட்டுவிட்டு, மற்றவர்கள் அருகில் அறை எடுங்கள். மூன்று அறை வீட்டில் பதினொரு பேர் இறங்கினால், நான்கு நாள் கழித்து அந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் விடுமுறை தேவைப்படும்.

திரும்பும் நாளில் காலை பதினொன்றுக்கே காலி செய்யச் சொல்கிறார்கள், விமானம் இரவில். அதுவரை?

மூன்று அறைகளில் இரண்டைக் காலி செய்துவிட்டு, ஒன்றை மட்டும் மாலைவரை நீட்டித்துத் தரக் கேளுங்கள். பாதி நாள் கட்டணத்துக்குப் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். முந்தைய நாளே கேட்டால் இன்னும் எளிது. பெட்டிகள் அந்த அறையில் இருக்கும், தாத்தா மதியம் ஒரு தூக்கம் போடுவார், சிங்கப்பூர் என்றால் முஸ்தபா கடையில் கடைசிச் சாமான் வாங்கப் போனவர்கள் வந்து குளித்து உடை மாற்றிக்கொண்டு விமான நிலையம் கிளம்பலாம்.